மணல் ஃபில்டருக்கு நானே செய்த பி.வி.சி. அடாப்டர் காற்று இழுக்கிறது, உதவி தேவை

கொல்லைப்புறத்தான்:
பிள்ளைகளுக்காக வாங்கிய ஃபிரேம் வைத்த குளம், 12 அடி விட்டம், நிரப்பினால் சுமார் 6,500 லிட்டர். கூடவே வந்த கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் எங்கள் ஊர்ப் புழுதிக்குத் தாங்கவில்லை, அதனால் ஒரு சின்ன மணல் ஃபில்டர் வாங்கினேன். குளத்து ஹோஸ் 38 மி.மீ., புது பம்பின் வாயோ ஒன்றரை இஞ்ச் மரை. இரண்டையும் சேர்க்கிற அடாப்டரை ஆன்லைனில் கேட்கிற விலைக்கு ஒரு ஃபேனே வாங்கிவிடலாம் என்பதால் நானே செய்தேன்: பம்பில் ஒன்றரை இஞ்ச் எம்.டி.ஏ. (வெளிமரை வைத்த இணைப்பு), அதிலிருந்து ஒன்றேகால் இஞ்சுக்கு ரெடியூசர் (அளவைக் குறைக்கிற இணைப்பு), அதில் ஒரு சாண் ஒன்றேகால் பைப். ஹோஸ் முனையைக் கொதிநீரில் முக்கி பைப்பில் ஏற்றினால் கச்சிதமாக உட்கார்ந்தது, கிளிப்பும் போட்டாச்சு.

ஓட்டினால் குளத்துக்குத் திரும்புகிற தண்ணீரில் நிற்காமல் குமிழி. பம்ப் ஓடும்போது எங்கேயும் சொட்டவில்லை, நிறுத்தினால் ரெடியூசர் பக்கம் லேசாக ஈரம் தெரிகிறது. டெஃப்லான் டேப்பை எடுத்துவிட்டு இன்னும் தடிமனாகச் சுற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

மோட்டார் பைத்தியம்:
முதலில் டேப் சுற்றுவதை நிறுத்துங்கள் சார். எஃகு மரையில் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், பிளாஸ்டிக்கில் கூடுதலாகச் சுற்றி ரெஞ்ச் போட்டு முறுக்கினால் பம்பின் வாயே விரிசல் விடும், அப்புறம் அடாப்டர் விலை மலிவாகத் தெரியும். மூன்று நான்கு சுற்று, மரை ஏறுகிற திசையிலேயே, போதும்.

குமிழி வருகிறது என்றால் ஓட்டை பம்புக்கு முன்னால் இருக்கிறது. பம்ப் ஓடும்போது அந்தப் பக்கம் உறிஞ்சுவதால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நிறுத்தியதும் குளத்து நீர்மட்டம் பம்பை விட உயரம் என்பதால் அதே ஓட்டையில் கசியும். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஷேவிங் நுரையைத் தடவிப் பாருங்கள், எங்கே நுரை உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான். பம்ப் மூடியில் உள்ள ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) பாருங்கள், பாதி வீட்டில் குற்றவாளி அதுதான்.

கடைக்காரர்:
தம்பி, ஒரு கேள்வி. பைப் ரெடியூசருக்குள் போகும்போது இறுக்கமாகப் போனதா, லொடலொடவென்று போனதா? பைப் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறத்தான்:
கொஞ்சம் லூஸ்தான் அண்ணா. சொல்யூஷன் (பி.வி.சி. பசை) நிறையத் தடவினால் அடைந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். பைப் சாம்பல் நிறம், 40 எம்.எம்., ஐ.எஸ். 4985 (இந்தியத் தர எண்) என்று இருக்கிறது. ரெடியூசர் வெள்ளை. நுரை வைத்துப் பார்த்ததில் அங்கேதான் இழுக்கிறது.

கடைக்காரர்:
நினைத்தேன். நம் ஊரில் "ஒண்ணேகால்" என்று கேட்டால் இரண்டு வேறு பைப் வரும். விவசாயத்துக்குப் போகிற சாம்பல் பைப் மி.மீ. கணக்கு, அதன் வெளிவிட்டம் சரியாக 40 மி.மீ. வீட்டு பிளம்பிங்குக்குப் போகிற வெள்ளைப் பைப் இஞ்ச் கணக்கு, அதில் ஒன்றேகாலின் வெளிவிட்டம் 42.2 மி.மீ. ஒன்றரையும் அப்படித்தான், ஒன்றில் 50, இன்னொன்றில் 48.3. நீங்கள் 42.2-க்கான குழிக்குள் 40 பைப்பை வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். சொல்யூஷன் இடைவெளியை அடைக்கிற சாமான் இல்லை, இரண்டு பிளாஸ்டிக்கையும் மேலே கரைத்து ஒன்றாக்குகிற சாமான். ஒன்றையொன்று தொட்டால்தான் பிடிக்கும். ரெண்டு மி.மீ. இடைவெளியில் ஊற்றினால் காய்ந்து சுருங்கி வழி விட்டுவிடும்.

பைப்பை மாற்றாதீர்கள், அது சரியான பைப். 38 ஹோஸ் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறதே. மாற்ற வேண்டியது ரெடியூசரும் எம்.டி.ஏ.வும்: சாம்பல் ரகத்திலேயே 50-க்கு 40 ரெடியூசர், 50-க்கு ஒன்றரை எம்.டி.ஏ., இடையில் ஒரு துண்டு 50 பைப். 32 மி.மீ. ஹோஸ் வைத்த குளக்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம், சாம்பல் 32 பைப் அதற்கு அப்படியே பொருந்தும்.

ஒட்டுவதற்கு முன் வெட்டு முனையின் பிசிறை எடுத்து, துடைத்து, லேசாக உப்புத்தாள் போடுங்கள். ஒட்டியபின் ஒரு நாள் தண்ணீர் விடாதீர்கள்.

தோப்புக்காரன்:
இவ்வளவு எதற்கு? பைப் முனையைத் தீயில் காட்டி விரித்து மாட்டிவிட வேண்டியதுதானே, தோட்டத்தில் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம்.

மோட்டார் பைத்தியம்:
சொட்டுவதைப் பற்றிக் கவலையில்லாத வாய்க்கால் வேலைக்கு அது ஓடும் அண்ணே. பி.வி.சி. சுமார் 80 டிகிரியிலேயே இளகும், அதற்குக் கொதிநீரே போதும், நேரடித் தீயில் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை, மூச்சுக்குக் கெடுதல். இழுத்து விரித்த இடம் மெலிந்தும் போகும்.

கேட்டவருக்கு இன்னொன்று: பி.வி.சி.யைக் குளத்துச் சுவர் வரை கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் நிறைய நிறைய அந்தச் சுவர் வெளியே பிதுங்கும், விறைப்பான பைப் கூடவே நகராமல் துளையைச் சுற்றி ஷீட்டைக் கிழித்துவிடும். கடைசி ரெண்டு மூணு அடியாவது ஹோஸாகவே இருக்கட்டும், அடாப்டரின் பாரத்துக்கு அடியில் செங்கல் வையுங்கள். ஹோஸில் ரெண்டு ஸ்டெயின்லெஸ் கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் வருகிற மாதிரி. உறிஞ்சும் துளையின் சல்லடையை எந்தக் காரணத்துக்கும் கழற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் தலைமுடி, கை மாட்டினால் பெரிய ஆபத்து. பம்ப் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா?

கொல்லைப்புறத்தான்:
ஆர்.சி.சி.பி. இருக்கிறது. சாம்பல் ரெடியூசர் வாங்கி ஒட்டி, காயவிட்டு ஓட்டினேன். முதலில் உள்ளே நின்ற காற்று கொஞ்ச நேரம் வந்தது, அப்புறம் குமிழியே இல்லை. ரெண்டு பேருக்கும் நன்றி. இப்போது பம்பைக் கழற்ற வேண்டுமானால் குளத்தையே காலி செய்ய வேண்டுமா?

கடைக்காரர்:
வேண்டாம். ஹோஸுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு 50 மி.மீ. பால் வால்வு (தண்ணீரை மூடித் திறக்கிற அடைப்பான்), அதை அடுத்து ஒரு யூனியன் (கழற்றி மாட்டுகிற இணைப்பு) போட்டுவிடுங்கள், வெளியேறும் பக்கமும் அதே மாதிரி. ரெண்டு வால்வையும் மூடி யூனியனைக் கழற்றினால் பம்ப் தனியாக வந்துவிடும். ஆனால் வால்வு மூடியிருக்கும்போது சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். யூனியனைக் கையால் முறுக்கினாலே போதும், உள்ளே இருக்கிற ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் தடவுங்கள், வாசலின் வேண்டாம்.