காரைக்குடியிலிருந்து காசிக்கு: ரயிலா, விமானமா, காரா?

செக்காலை_வீதி:
மாசியில் காசி யாத்திரை. மொத்தம் ஆறு பேர்: 70 வயதைத் தாண்டிய இருவர் (ஒருவருக்கு மூட்டுவலி), நடுவயதில் மூவர், 8 வயதுப் பிள்ளை ஒன்று. கையில் இருப்பது பத்து நாள். ராமேஸ்வரத்தில் மணல் எடுத்து, பிரயாகையில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது வரை முறைப்படி முடிக்க வேண்டும். வீட்டில் மூன்று கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவிலூர்_பாதை:
ரயில்தான். ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கு வாரம் ஒருமுறை போகும் வண்டி காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி வழியாகத்தான் போகிறது. பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபிறகு தீவுக்குள்ளேயே ஏறிக்கொள்ளலாம். அக்னி தீர்த்தத்தில் குளித்து மணலை எடுத்தால் அடுத்து வண்டியை விட்டு இறங்குவது பிரயாகையில். நடுவில் ஒரு மாற்றம்கூடக் கிடையாது. வயதானவர்களைக் களைக்க வைப்பது இந்த ஏறி இறங்கும் வேலைதான்.

பிரயாகைக்கு இந்த வண்டி நிற்பது சியோக்கியில். பெரிய ஜங்ஷன் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். சியோக்கி யமுனைக்குத் தெற்கே நைனி பக்கம் இருக்கிறது, பாலம் தாண்டினால் சங்கமம். டிக்கெட்டை அங்கே வரைக்கும் மட்டும் எடுங்கள். மணல் கரைத்துவிட்டு காசிக்கு ரோட்டிலேயே போகலாம், ஏறக்குறைய 120 கிலோமீட்டர்.

பள்ளத்தூரான்:
அண்ணே, இரண்டு பகலுக்கு மேல் ஓடும் வண்டி அது. மூட்டுவலிக்காரர் ஒவ்வொரு தடவையும் ஆடுகிற வண்டியில் எழுந்து, நடைபாதையில் பிடித்துப் பிடித்துக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். அந்தக் கணக்கை விட்டுவிட்டீர்கள்.

விமானத்தைப் பாருங்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் காரைக்குடியிலிருந்து போகிறவர்கள் டவுனுக்குள் நுழையவே வேண்டாம். கார் பயணம் இரண்டு மணி நேரம், முன்கூட்டிப் போய்க் காத்திருப்பது இரண்டு, சென்னைக்கு ஒன்று, அங்கே மாறுவதற்கு மூன்று, காசிக்கு இரண்டரை, பாபத்பூர் விமான நிலையத்தில் பெட்டி எடுத்து 25 கிலோமீட்டர் ஊருக்குள் போக இரண்டு. கூட்டினால் பன்னிரண்டரை மணி நேரம். காலை காப்பி இங்கே, ராத்திரிப் பலகாரம் கோதௌலியா பக்கம் நம் நகரத்தார் சத்திரத்தில். வீல்சேர் இலவசம், 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லி வைத்தால் வாசலிலிருந்து விமானக் கதவு வரை ஆள் தள்ளிக்கொண்டு போவார்.

ஒரே எச்சரிக்கை: திருச்சி–சென்னை தனியாக, சென்னை–காசி தனியாக என்று இரண்டு பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான், பணமும் வராது. பெட்டியையும் சென்னையில் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். ஒரே பி.என்.ஆரில் எடுத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

கோவிலூர்_பாதை:
கழிப்பறை விஷயம் நியாயமான கேள்வி. அதற்கு விடை எந்த வகுப்பு, எந்த எண் என்பதில் இருக்கிறது.

தேர்டு ஏசியில் நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. ராத்திரி 10 முதல் காலை 6 வரை அவர் படுத்தே ஆகவேண்டும். மூட்டுவலிக்காரர் அடிக்கடி எழுந்து உட்கார்ந்து காலை நீட்டி மடக்கணும். அதனால் பெரியவர்கள் இருவருக்கும் செகண்டு ஏசி, அதில் நடுப் படுக்கையே இல்லை. எண்ணை ஆறால் வகுத்து மீதி 1, 3 வந்தால் லோயர், 2, 4 வந்தால் அப்பர், 5 சைடு லோயர், மிச்சமில்லாமல் போனால் சைடு அப்பர். தேர்டு ஏசி, ஸ்லீப்பரில் எட்டால் வகுக்கணும்: மீதி 1, 4 லோயர், 2, 5 நடு, 3, 6 அப்பர், 7 சைடு லோயர். சைடு படுக்கை நீளம் குறைவு, உயரமானவர்களுக்குக் கால் இடிக்கும்.

பெட்டியின் இரண்டு முனையிலும்தான் சக்கரத் தொகுதியும் கதவும் கழிப்பறையும் இருக்கின்றன. நடுவில் ஆட்டம் குறைவு, ஆனால் நடை அதிகம். மூட்டுவலிக்காரருக்கு முனையிலிருந்து இரண்டாவது அறை சரியாக இருக்கும்: கதவு அடிக்கும் சத்தத்திலிருந்து ஓர் அறை தள்ளி, கழிப்பறைக்குப் பத்துப் பதினைந்து அடி. முன்பதிவில் எண்ணைக் கேட்டு வாங்க முடியாது, கிடைத்தபிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கேட்கலாம்.

லோயர் கிடைக்க வழி இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் சீனியர் சிட்டிசன் லோயர் பெர்த் கோட்டா உண்டு. அந்த டிக்கெட்டில் தனியாக ஒருவர் அல்லது இருவர்தான் இருக்கலாம். பேரப்பிள்ளையையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் போட்டால் கோட்டா போய்விடும். ஆறு பேரையும் ஒரே பி.என்.ஆரில் போட்டு இருவருக்கும் அப்பர் வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இந்தக் கோட்டாவை நிறுத்தவில்லை.

புதுவயல்_டீசல்:
யாருமே காரைச் சொல்லவில்லையே. பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையே காசியில் தொடங்கி ரீவா, ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிந்ததுதான், 2,369 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து 2,200 வரும். போக வர 4,400, அங்கே சுற்ற 300. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், விலை 100 ரூபாய் என்று வைத்தால் 313 லிட்டர், 31,300 ரூபாய். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 5,200 சொச்சம். டோலுக்கு ஃபாஸ்டேக் வருட பாஸ் (2025-ல் வந்தபோது 3,000 ரூபாய்), 200 தடவை கடக்கலாம், தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், மூட்டுவலிக்காரர் இரண்டு மணிக்கு ஒருதரம் இறங்கி நடக்கலாம். நாக்பூர் தாண்டி, சிவனிக்கு முன்னால் பென்ச் காட்டுக்குள் விலங்குகள் கீழே கடந்துபோக மேம்பாலமாகவே கட்டியிருக்கும் சாலை, பிள்ளை பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

பள்ளத்தூரான்:
தம்பி, பணக் கணக்கு சரி. நாள் கணக்கைப் போடுங்கள். ஒரு நாளைக்கு 550 கிலோமீட்டர் என்றால் போக நாலு நாள், வர நாலு நாள். பத்தில் மிச்சம் இரண்டு. பிரயாகைக்கு ஒன்று, காசிக்கு ஒன்று, அபிஷேகத்துக்கு ராமேஸ்வரம் போக நாளே இல்லை. ஆறு பேருக்கு ஏழு சீட் வண்டி எடுத்தால் கடைசி வரிசையை நிமிர்த்தியபிறகு பின்னால் இரண்டு பைக்கு மேல் நிற்காது, கூரைக்குத்தான் போகணும். கோதௌலியாவில் வண்டி நுழையாது, எங்கோ நிறுத்திவிட்டு ரிக்‌ஷா பிடிக்க வேண்டியதுதான்.

புதுவயல்_டீசல்:
பத்து நாளுக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன், காருக்குப் பதினாறு நாளாவது வேண்டும். ஆனால் நாள் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வாடகைக்கு எடுத்தால் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள மஞ்சள் போர்டா என்று பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாநில எல்லையிலும் வரி கட்ட நிறுத்த வேண்டிவரும்.

ஆத்தங்குடி_ஆச்சி_சமையல்:
சாப்பாட்டை யாரும் எழுதவில்லை, ரயிலில் பாதி உடல்நலம் அதில்தான் போகிறது. இட்லியைச் சுடச்சுட டப்பாவில் அடைத்தால் ஆவி வேர்த்து மறுநாள் காலையில் நூல் விடும். தட்டில் ஆறவிட்டு, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து வையுங்கள், முதல் நாள் முழுக்க நிற்கும். இரண்டாம் நாள் மதியம் வரை புளியோதரை, எண்ணெய் தாராளமாக, தேங்காய் எந்த வடிவிலும் வேண்டாம். சட்னி கொண்டுபோகவே கூடாது. அதற்குப் பிறகு பி.என்.ஆர். எண்ணை வைத்து இருக்கைக்கே வரவழைப்பது நல்லது. வண்டி தாமதமாகி நள்ளிரவில் போய்ச் சேரும் ஊரில் கடை மூடியிருக்கும், ஆகவே விஜயவாடா, நாக்பூர், இடார்சி மாதிரி பெரிய நிலையத்துக்கு, பகல் வேளைக்கு மட்டும் சொல்லி வையுங்கள். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுபோங்கள், பையில் வைத்தால் பொடியாகத்தான் கிடைக்கும். பெட்டிக்குள் மின்சாரக் கெட்டில் மாட்டாதீர்கள். அந்த பிளக் மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் வைத்தது, அதில் கெட்டில் போட்டால் மொத்த அறைக்கும் மின்சாரம் போகும், அபராதமும் உண்டு. வெந்நீர் ஃபிளாஸ்க்கில் போதும்.

விமானத்தில் போகிறவர்கள் பூஜைக்குக் கொப்பரை எடுத்துப்போகாதீர்கள், எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள். பவர்பேங்க் கைப்பையில் மட்டும்.

பள்ளத்தூரான்:
ஆச்சி சொன்னது சரி. இருந்தாலும் ரயில் கட்சிக்கு இரண்டு கேள்வி. வாரம் ஒருமுறை வண்டி, டிக்கெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? வடக்கே பனிமூட்டத்தில் வண்டி பல மணி நேரம் தாமதமாவது ஊரறிந்தது, அதற்கு என்ன பதில்?

கோவிலூர்_பாதை:
பனி மார்கழியிலும் தையிலும் கடுமை, மாசிக்குத் தணிந்துவிடும். அந்தப் பனி மாதங்களில் பாபத்பூர் விமானங்களும்தான் தாமதமாகின்றன. மாசியில் பயப்பட வேண்டியது சிவராத்திரிக்கு. அந்த வாரத்தில் காசியில் அறையும் இருக்காது, நடக்க வழியும் இருக்காது. அதை விட்டுத் தேதி பாருங்கள்.

டிக்கெட்: முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது, அந்த நினைப்பில் நாலு மாதம் முன்னால் தேடி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆதார் சரிபார்த்த கணக்காக வைத்திருங்கள். காரைக்குடியிலிருந்து எடுத்தால் சில சமயம் இடைநிலையக் கோட்டாவில் விழும், அந்த வெயிட்டிங் லிஸ்ட் மெதுவாகத்தான் நகரும். ராமேஸ்வரத்திலிருந்தே எடுத்து ஏறுமிடம் காரைக்குடி என்று கொடுத்தால் பொது வரிசையில் நிற்பீர்கள். ஏறுமிடத்தைக் கொடுக்க மறந்தால் டி.டி.ஆர். ராமேஸ்வரத்திலேயே ஆள் வரவில்லை என்று குறித்து இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். ராமேஸ்வரத்திலேயே ஏறுகிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படியும் கிடைக்காவிட்டால் மாற்று வழி: விடியலில் காரைக்குடியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ், நண்பகலையொட்டி எழும்பூர், மாலையில் சென்ட்ரலிலிருந்து காசி வழியாகப் போகும் கங்கா காவேரி, வாரம் இரண்டு நாள். இரண்டு நிலையத்துக்கும் இடையே ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். நடுவில் பல மணி நேரம் இருப்பதால் பல்லவன் தாமதமானாலும் தாங்கும்.

செக்காலை_வீதி:
கார் இல்லை என்று முடிவு. போவது ரயில், பெரியவர்கள் இருவருக்கும் செகண்டு ஏசி கோட்டாவில் தனி டிக்கெட், மற்ற நால்வருக்கு தேர்டு ஏசி. திரும்புவதில்தான் இழுபறி.

பள்ளத்தூரான்:
திரும்பும்போது மூட்டுவலிக்காரரும் துணைக்கு ஒருவரும் விமானத்தில் வரட்டும். பல நாள் படியேறி இறங்கியபிறகு இன்னொரு தடவை இரண்டு நாள் ரயில் வேண்டாம். மற்றவர்கள் வருவதற்குள் அவருக்கு வீட்டில் ஓய்வும் கிடைக்கும்.

கோவிலூர்_பாதை:
அதற்கு நானும் சம்மதம். ஆனால் கங்கைச் செம்பு எதையும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். விமானத்தில் பெட்டிக்குத் தலைக்கு 15 கிலோ, தேர்டு ஏசியில் 40 கிலோ இலவசம். ஈயம் வைத்து அடைத்த செம்பாக வாங்கி, மூடி மேலே இருக்கும்படி லோயர் படுக்கைக்கு அடியில் நிறுத்தி, அங்கே உள்ள வளையத்தில் பையைச் சங்கிலியால் பூட்டுங்கள். ரயில் கோஷ்டி காரைக்குடியில் இறங்காமல் நேரே ராமேஸ்வரம் போகட்டும். விமானத்தில் வந்த இருவரும் காரைக்குடியிலிருந்து அதே வண்டியில் ஏறிச் சேர்ந்துகொள்ளலாம். அவர்களுக்கு அந்தத் துண்டுப் பயணத்துக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். நள்ளிரவையொட்டி வரும் வண்டி என்றால், பன்னிரண்டு தாண்டியதும் தேதி மாறும் என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.