தரம் 3 புள்ளையளுக்கு கொம்பியூட்டர் தேவையா? திருமலை ஆக்கள் சொல்லுங்க

உப்புவெளிப்பெடியன்: மகள்ட ஸ்கூல் மீட்டிங்ல தரம் 3ல இருந்தே கொம்பியூட்டர் படிப்பிக்கப் போறமாம், பழைய மாணவர் ஒராள் லெப்டொப் கொஞ்சம் குடுக்கிறாராம், பெற்றோர் ஓமெண்டா தொடங்கலாமாம். எனக்கெண்டா விருப்பமில்ல. தமிழ் வாசிக்கவே எழுத்துக் கூட்டுதுகள், வீட்டில போனைப் பறிக்கிறதே பெரிய சண்டை.

கிண்ணியா_வாப்பா: சரியாச் சொன்னீங்க தம்பி. ஸ்கொலர்ஷிப்புக்கு ஓடுறது காணாதெண்டு இதுக்கும் ஒரு டியூசன் போர்ட் தொங்கும் பாருங்க.

ரீச்சரக்கா: லெப்டொப் இல்லாமலும் படிப்பிக்கலாமே. நான் செய்றதச் சொல்றன். அஞ்சு மட்டை, 16, 8, 4, 2, 1 எண்டு புள்ளி போட்டு அஞ்சு புள்ளையளட்ட குடுத்து வரிசையா நிக்க விடுறது, 11 எண்டா 8உம் 2உம் 1உம் வச்சிருக்கிறவை மட்டும் தூக்கோணும், மத்தவை திருப்பிப் பிடிக்கோணும். அந்த அஞ்சு மட்டைல 31 வரைக்கும் காட்டலாம், கொம்பியூட்டர் உள்ளுக்க எண்ணுறதும் இப்பிடித்தான். நியூசிலாந்துல கேன்டர்பரி யூனிவர்சிட்டி ஆக்கள் இப்பிடி நிறைய விளையாட்டு செஞ்சு வச்சிருக்கினம்.

உப்புவெளிப்பெடியன்: அது கூட்டல் கணக்குத்தானே அக்கா, கணக்குப் பாடத்திலயே செய்யுங்கோவன், புதுப் பேர் எதுக்கு

ரீச்சரக்கா: மட்டை கணக்குத்தான், ஓம். ஆனா முத்தத்தில சோக்கால கட்டம் கீறி ஒராள் ரோபோ, மத்தாள் பேப்பர்ல "ரெண்டு முன்னுக்கு, வலப்பக்கம் திரும்பு" எண்டு எழுதிக் குடுக்க ரோபோ நேரா பூச்சாடில போய் முட்டும் 😄 அப்ப எந்த வரி பிழையெண்டு தாங்களே தேடுவினம், அழிச்சுத் திருத்துவினம். கணக்குக் கொப்பில சிவப்புப் பேனையால நான்தான் பிழை போடுறன், இதில அவையே பிடிக்கினம்.

நிலாவெளி_ஐடி: இங்கிலாந்துல 2014 செப்டெம்பர்ல இருந்தே 5 வயசுக்குப் பாடத்திட்டத்தில இருக்கு. ஸ்கிராச் எண்டு புள்ளையள் புரோகிராம் எழுதப் பழகுற சொப்ட்வெயார் ஒண்டு இருக்கு, 8 வயசில இருந்து செய்யலாம், அமெரிக்கால எம்ஐடி யூனிவர்சிட்டில செஞ்சது, சும்மா கிடைக்குது, தரம் 3க்கு அளவு.

கிண்ணியா_வாப்பா: இங்கிலாந்தச் சொல்லாதீங்க தம்பி, எங்கட பக்கம் ரெண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர் நிக்கிற ஸ்கூலும் இருக்கு. ரீச்சர் மாதிரி ஆள் இருந்தா சரி, இல்லாட்டி அந்த லெப்டொப் அலுமாரிக்குள்ள பூட்டுப் போட்டுத்தான் கிடக்கும்.

ரீச்சரக்கா: அது நியாயம் நானா. முதல்ல டீச்சர்மாருக்கு ட்ரெய்னிங் கேளுங்கோ, லெப்டொப் பிறகு வரட்டும்.

உப்புவெளிப்பெடியன்: அடுத்த மீட்டிங்ல கேப்பன், ஆர் படிப்பிக்கிறது, எந்தப் பீரியட்ட வெட்டுறது எண்டு. விளையாட்டுப் பீரியட்ல கை வச்சா நான் கையெழுத்து வைக்க மாட்டன்.