கோமிக்கில் இருந்து இறங்கும்போது பிரேக் மிதி அடியோடு இறங்கிவிட்டது, எப்படித் திரும்புவது?

கோவைக்காரன்:
வணக்கம், இப்போது இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், காசா என்ற ஊரில் இருக்கிறோம். வண்டி ஏழு வருடம் ஓடிய 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், டர்போ கிடையாது. வேலை சண்டிகரில் என்பதால் அங்கிருந்து கின்னோர் வழியாக நாகோ, தாபோ என்று நிதானமாக வந்தோம், ஒரு தொல்லையும் இல்லை. நேற்று மேலே இருக்கும் லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்ற மூன்று மலைக்கிராமங்களையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பியதுதான் வினை. ஏறும்போது இரண்டாவது கியரில் இழுக்கவே இல்லை, முதல் கியரிலும் திணறல், ஒரு வளைவில் கிளட்ச் கருகும் வாடை வந்து மச்சானும் மனைவியும் இறங்கி நடந்தார்கள், அம்மா மட்டும் வண்டியில். ஹிக்கிம் தபால் நிலையத்தில் அத்தைக்கு அட்டை போட்டபோதுகூட என் மனசு வண்டியில்தான் இருந்தது. இறங்கும்போது மூன்றாவது கியர், கால் பிரேக்கிலேயே. காசா கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மிதித்தால் மிதி கீழே போகிறது! முதல் கியருக்கு மாற்றி, கைப்பிரேக் இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துச் சரியாகிவிட்டது. இன்ஜின் போய்விட்டதா? நாளை கீ மடம் பார்த்துவிட்டு குன்சும் கணவாய் வழியாக மணாலி போகலாமா?

நாலாம்வளைவு:
இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோமிக் 4,500 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்கூட இல்லை, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குத்தான் இழுக்கும். ஏசியை அணைத்து முதல் கியரிலேயே போங்கள், பாதிக் கிளட்சில் நிறுத்தி வைக்காதீர்கள். பிரேக் விஷயத்தில் ஒன்று சொல்லுங்கள்: மிதி பஞ்சு மாதிரி அமுங்கியதா, கல் மாதிரி இறுகியதா? இறுகினால் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) போதவில்லை என்று அர்த்தம், உயரத்தில் அது கொஞ்சம் சகஜம். அமுங்கினால் கதை வேறு.

கோவைக்காரன்:
பஞ்சுதான் அண்ணா. காலையில் பார்த்தேன், நன்றாகப் பிடிக்கிறது. போன மாதம்தான் சர்வீஸ் விட்டேன், பில்லில் பிரேக் ஆயில் 'டாப் அப்' என்று மட்டும் இருக்கிறது.

பட்டறை மாமா:
தம்பி, காலையில் பிடிக்கிறது என்று நம்பிவிடாதே. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறியது 140-இலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், மிதி கீழே போகும். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், அதனால்தான் அரை மணியில் 'சரியானது'. உயரத்தில் கொதிநிலை இன்னும் இறங்கும், உங்கள் விடுதியில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டுப் பார். டாப் அப் செய்ததெல்லாம் கணக்கே இல்லை. காசா கடைத்தெருவில் மெக்கானிக் இருப்பார், பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி, டப்பா மூடியில் போட்டிருக்கும் வகையை ஊற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயில் சிக்கிய ஏரை எடுக்கச் சொல், அப்படியே டிஸ்கைப் பிடிக்கும் பேடையும் கழற்றிப் பார்க்கச் சொல். சூடான டிஸ்கில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, கோணிக்கொள்ளும். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கை அழுத்தி வேகம் குறைத்துவிட்டு காலை எடுத்துவிடு. கால் அங்கேயே குடியிருக்கக் கூடாது.

சுற்றுலாச்சுப்பு:
செப்டம்பர்தானே, குன்சும் திறந்திருக்கும். நான் போன வருடம் ஹேட்ச்பேக்கில்தான் போனேன், ஒன்றும் ஆகவில்லை.

நாலாம்வளைவு:
உங்களுக்கு பிரேக் இருந்தது சுப்பு. லோசர் ஊரைத் தாண்டி 4,500 மீட்டருக்கு மேல் குன்சும் ஏறி இறங்கினால், பாத்தலில் இருந்து கிராம்பூ வரை பெரும்பாலும் கல்லும் ஓடையும்தான், நடுவில் நின்றால் உதவிக்கு ஆள் வர எத்தனை மணி நேரமோ. கோவைக்காரன், அம்மா வேறு கூட இருக்கிறார். வந்த வழியே திரும்புங்கள், கின்னோரில் ரெக்காங் பியோ சுமார் 200 கிலோமீட்டர், நடுவில் ஊர்கள் உண்டு. மணாலி பக்கத்து அடல் சுரங்கம் எங்கேயும் ஓடிப்போகாது.

கோவைக்காரன்:
ஆயில் மாற்றியாயிற்று. வெளியே வந்தது கட்டஞ்சாயா நிறம், மெக்கானிக் அதை ஒரு பாட்டிலில் பிடித்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார், சண்டிகர் சர்வீஸ் பில்லை நான் வெளியே எடுக்கவே இல்லை. முன் பேட் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மதியம் கீ மடத்துக்கு முதல், இரண்டாம் கியரிலேயே ஏறி அப்படியே இறங்கினோம், பின்னால் வந்த டெம்போக்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார், ஒதுங்கி வழிவிட்டேன். மிதி கெட்டியாக நிற்கிறது. நாளை காலை தாபோ, அப்புறம் கின்னோர். குன்சும் போகவில்லை என்றதும் மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது, அம்மாவுக்கு ஒரே நிம்மதி.

பட்டறை மாமா:
சண்டிகர் போனதும் கிளட்சையும் பார்த்துவிடு.