குடியாத்தம்–வேலூர், நாளும் 70 கி.மீ.: மின்சாரக் கார் இப்போதா, பொறுத்தா?

குடியாத்தம் தறிவீடு:
வேலைக்காக வேலூர் போய் வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 கி.மீ. ஓடுகிறேன், மாதம் 25 நாள். சொந்த வீடு, வாசலில் கார் நிற்க இடம் உண்டு. பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் எடுக்கலாமா? இரண்டு ஆண்டு பொறுத்தால் நல்லதா?

காட்பாடிக்காரன்:
பொறுக்காதீர்கள் தம்பி. ராணிப்பேட்டை, ஆற்காடு என்று அலைகிற வேலை எனக்கு. ஓட்டமும் உங்கள் அளவுதான். யூனிட்டுக்கு 7 கி.மீ. கிடைக்கிறது. கார் வந்த பிறகு இரண்டு மாத மின்கட்டணம் ஏறக்குறைய 4,000 ரூபாய் கூடியது. அதே 3,500 கி.மீ. தூரத்துக்குப் பெட்ரோல் போட்டிருந்தால் ஏறக்குறைய 22,000 ரூபாய் போயிருக்கும். இரவு பத்து மணிக்குச் செருகினால் விடியும்போது தயார்.

சத்துவாச்சாரி ரகு:
அண்ணா, கணக்கில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே அளவு பெட்ரோல் காரைவிட இது மூன்று லட்சமாவது கூடுதல். 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாக இறங்கியது. மின்சாரக் காருக்கு முன்பிருந்த அதே 5 விழுக்காடுதான். அதாவது வரி இடைவெளி குறைந்து, விலை இடைவெளி கூடிவிட்டது. பேட்டரி விலையோ ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. இன்று வாங்குகிறவர் நாளை விற்கப்போனால் யார் என்ன விலை கொடுப்பார்? பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரைதான் உத்தரவாதம் தருகின்றன. இவர் ஓட்டத்துக்கு எட்டாம் ஆண்டு முடியும் முன்பே கிலோமீட்டர் முடிந்துவிடும்.

மே மாதம் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. நிழலில்லாமல் நாள் முழுவதும் நிற்கும் காரின் பேட்டரிக்கு அது நல்லதா?

காட்பாடிக்காரன்:
வெயில் கேள்வி நியாயமானது. அதனால்தான் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி உள்ள காரைத் தேடி எடுத்தேன். மற்ற லித்தியம் வகைகளைவிட அது வெப்பத்தைத் தாங்கும். என்னைப் படுத்தியது பேட்டரி அல்ல, எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு.

முதல் கோடையில் ஒருநாள் இரவு செருகினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது, மின்சாரம் ஏறவில்லை. மூன்று இரவு இதே கதை. எலக்ட்ரீஷியன் வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழியைக் காட்டினார். மண் ஓடுபோலக் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய அரை மணியில் விளக்கு பச்சையானது. பிறகு குழியை ஆழப்படுத்தி, உப்பும் கரியும் போட்டு, மீட்டரிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்தேன். அன்றிலிருந்து தொல்லை இல்லை. தம்பி, காருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்த வேலையை முடியுங்கள்.

சத்துவாச்சாரி ரகு:
குழி தோண்டச் சொந்த மண் வேண்டுமே அண்ணா! நான் இருப்பது வாடகை வீடு, இரண்டாம் மாடி. கீழே ஒரு பிளக் வைக்கக் கேட்டேன், வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். எனக்கு மாதம் 500 கி.மீ. ஓடினாலே அதிகம். மிச்சமாவது மாதம் 2,600 ரூபாய். மூன்று லட்சத்தை மீட்க ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். பெங்களூர்ச் சாலையில் நண்பரோடு ஒருமுறை போனபோது, சார்ஜ் நிலையத்தில் எங்களுக்கு முன் இரண்டு கார்கள். பிள்ளைகள் பசியோடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். இதெல்லாம் மாறும்வரை பொறுப்பேன்.

காட்பாடிக்காரன்:
உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் வாங்க மாட்டேன் ரகு. ஆனால் தம்பி கேட்டது 1,750 கி.மீ. ஓட்டத்துக்கு. மாதம் 9,000 ரூபாய் மிச்சம். மூன்று ஆண்டுக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். பொறுக்கும் இரண்டு ஆண்டில் பெட்ரோலுக்குக் கூடுதலாகப் போகும் இரண்டு லட்சத்தை எந்தப் புதிய பேட்டரி திருப்பித் தரும்?

சத்துவாச்சாரி ரகு:
கடன் வட்டியை அதில் கழிக்கவில்லையே அண்ணா. தம்பி, கையில் எவ்வளவு இருக்கிறது, கடன் எவ்வளவு? அதைச் சொல்லாமல் இதை முடிவு செய்ய முடியாது.

குடியாத்தம் தறிவீடு:
ஆறு லட்சம் கையில் இருக்கிறது, மீதி கடன்தான். வட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் எர்த் குழி எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். மேலே துளசி மாடம் கட்டிவிட்டார்களாம்.