1,500 புது உடுப்பு தயார், விழுப்புரத்தில் யாரிடம் ஒப்படைப்பது?

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. மறுநாளே எங்கள் தையல்காரர்கள் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து நைட்டி, டிராக் பேன்ட், குழந்தை உடுப்பு என 1,500 உருப்படி முடித்துவிட்டார்கள். எல்லாம் புதுசு. ஈரம் படாமல் பாலித்தீன் சுற்றி, ஒவ்வொரு பெட்டியிலும் வயதும் அளவும் மார்க்கரில் எழுதியிருக்கிறோம்.

ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் கைகாட்டுகிறார்கள். ஒரு முகாமில், 'துணி குவிந்து கிடக்கிறது, பாயும் போர்வையும் அனுப்புங்கள்' என்றார்கள். சரி, 300 போர்வையும் சேர்த்தாயிற்று. ஆனால் உள் கிராமங்களில் மாற்றுத்துணிகூட இல்லை என்கிறார் அங்கிருந்து வந்து எங்களிடம் வேலை செய்யும் அக்கா. லாரி, டீசல், டெலிவரி சலான் எங்கள் பொறுப்பு.

விழுப்புரம், மயிலம் பக்கம் சரக்கை இறக்கி, வீடு வீடாகப் பிரித்துத் தரக்கூடிய குழு யாருக்காவது நேரடியாகத் தெரியுமா?