எடை குறைந்த குழந்தைச் சைக்கிள்: ஆலோசனை தேவை

நண்பர்களே, மகளுக்கு ஐந்து வயது. பெடல் இல்லாத, காலால் உந்திப் போகும் சைக்கிளில் நன்றாகவே சமநிலை பிடிக்கிறாள். அடுத்ததாக 16 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிள் வாங்க வேண்டும்.

சிக்கல் எடைதான். கடையில் தூக்கிப் பார்த்த இரும்புச் சைக்கிள்கள் ஒன்பது, பத்து கிலோ இருந்தன. அவளுடைய எடையே 17 கிலோ! தன் எடையில் பாதிக்கு மேல் கனக்கும் சைக்கிளை நம்மில் யார் விரும்பி ஓட்டுவோம்? போதாததற்குக் கூடை, கேரியர், பக்கச் சக்கரங்கள் வேறு.

அலுமினியச் சட்டம் கொண்டவை ஆறு கிலோ அளவில்கூடக் கிடைக்கின்றன. ஆனால் சட்டம் மட்டும் அலுமினியமாக இருந்து, ஹேண்டில், சக்கர வளையம், கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) எல்லாம் இரும்பாக இருந்தால் என்ன பயன்? காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகலாமா என்றுகூட யோசிக்கிறேன். அலுமினியத்தில் ஒட்டாதல்லவா?

பிரேக் விஷயத்திலும் குழப்பம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் வகை நல்லதா, கைப்பிரேக் போதுமா? சின்ன விரல்களுக்கு எட்டி, எளிதாக அழுத்த வரும் கைப்பிரேக் உள்ள சைக்கிள்களை யாராவது பயன்படுத்தியிருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

பழைய சைக்கிள் வாங்கவும் தயக்கமில்லை. எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? “வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்குங்கள்” என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இருக்கையில் உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.