வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம் நிலைக்காததற்குக் கடுமைதான் காரணமா?

நெய்தல்:
முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியோடு 1919 ஜூன் 28-இல் கையெழுத்தான வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம் அளவு மீறிக் கடுமையாக இருந்ததால்தான் இரண்டாம் உலகப் போர் வந்தது என்று படித்தோம். 1871-இல் போரில் வென்ற ஜெர்மனி பிரான்ஸ் மீது சுமத்தியதும் லேசானதல்ல: 500 கோடி ஃபிராங்க், கூடவே அல்சாஸும் லொரைனில் ஒரு பகுதியும். அது 43 ஆண்டு தாங்கியது. வித்தியாசம் எங்கே?

கோட்டைமதில்:
1871-இல் தொகை ஒப்பந்தத்திலேயே இருந்தது. தவணை கட்டக் கட்டப் படை பகுதி பகுதியாக விலகும் என்பது ஏற்பாடு. பிரான்ஸ் கடன் பத்திரம் விற்று 1873 செப்டம்பருக்குள் கட்டி முடித்தது. ஜெர்மன் படையும் கிளம்பியது. வெர்செய்ல்ஸில் தொகையே இல்லை. 231-ஆவது ஷரத்தில் போரின் சேதங்களுக்கான பொறுப்பை ஜெர்மனியை ஏற்க வைத்துவிட்டு, கணக்கை 1921-க்குத் தள்ளினார்கள். அந்த மே மாதம் வந்த எண் 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி 'சி' பத்திரங்கள். ஜெர்மனிக்கு வசதி வந்தால் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்தவை. உண்மையான சுமை 5,000 கோடிதான். வென்ற நாட்டு மக்களைச் சமாதானப்படுத்தப் பெரிய எண் தேவைப்பட்டது; அதே எண்ணை ஜெர்மன் தேசியவாதிகள் மேடை மேடையாகத் தூக்கிக் காட்டினார்கள்.

பழைய வரைபடம்:
தொகையை விட, பிரான்ஸின் பாதுகாப்புக்குக் கிடைத்த ஜாமீன்தான் முக்கியம் என்பேன். பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் ஃபோஷ் ரைன் ஆற்றையே ராணுவ எல்லையாக்கக் கேட்டார். பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ அதை விட்டுக்கொடுத்தது சும்மா அல்ல. ஜெர்மனி தாக்கினால் துணைக்கு வருவோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அதே நாளில் தனித்தனி ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தன. பிரிட்டன் தன் வாக்கை அமெரிக்க ஒப்புதலோடு முடிச்சுப் போட்டிருந்தது. அமெரிக்க செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் வெர்செய்ல்ஸை நிராகரித்தது. துணை ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. பிரிட்டனும் கழன்றுகொண்டது. பிரான்ஸ் கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியே இல்லை.

விளைவைத் தந்திக் கம்பத்தில் பார்க்கலாம். ஜெர்மனி தரவேண்டிய மரமும் கம்பங்களும் முழுதாக வரவில்லை என்று 1922 டிசம்பரில் இழப்பீட்டு ஆணையம் முடிவு செய்தது. வாக்கு மூன்றுக்கு ஒன்று, எதிர்த்தது பிரிட்டன். 1923 ஜனவரி 11-இல் பிரான்ஸும் பெல்ஜியமும் மட்டும் ஜெர்மனியின் தொழில் பகுதியான ரூருக்குள் படையோடு நுழைந்தன. வசூலுக்கே கூட்டாளிகள் ஒன்றாகப் போகவில்லை என்றால் மற்ற ஷரத்துகளை யார் காப்பது?

நெய்தல்:
ஈடாக, ரைன் ஆற்றை ஒட்டிய ஜெர்மன் பகுதியான ரைன்லாந்தில் வென்ற நாடுகளின் படை இருந்ததே?

பழைய வரைபடம்:
இருந்தது, மூன்று மண்டலமாக: கொலோன் 5 ஆண்டு, கோப்ளென்ஸ் 10, மைன்ஸ் 15. கடைசி மண்டலத்தையும் 1930 ஜூனிலேயே காலி செய்துவிட்டார்கள், 5 ஆண்டு முன்னதாக. ஆயுதத்தைச் சோதித்த ஆணையம் 1927-இலேயே வெளியேறிவிட்டது. ஜெர்மனிக்கு ஒரு லட்சம் வீரர்தான், டாங்கி கூடாது, போர் விமானம் கூடாது என்பதெல்லாம் அதன்பின் காகிதத்தில்தான். அதற்கும் முன்பே ஜெர்மானியர் சோவியத் மண்ணில், லிபெட்ஸ்கில், ரகசியமாக விமானிகளைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

தராசு:
பழியை முழுக்க செனட் மீது போட முடியாது. ஜெர்மனி படை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் தடுத்திருந்த ரைன்லாந்துக்குள் 1936 மார்ச் 7-இல் ஹிட்லர் படை அனுப்பினார். அது பகைச் செயலாகவே கருதப்படும் என்று 44-ஆவது ஷரத்து அச்சுப் பிசகாமல் சொல்கிறது. பிரெஞ்சுப் படைத் தலைமையோ பொது அணிதிரட்டல் இல்லாமல் நகர முடியாது என்றது. அரசுக்கு அடுத்த மாதமே தேர்தல். சிறு படையை உடனே அனுப்பும் திட்டம் அவர்களிடம் இல்லை. இருந்தது முழுப் போருக்கான திட்டம் ஒன்றுதான். அதனால் ஒரு பிரெஞ்சுப் பட்டாளம்கூட ரைன்லாந்துக்குள் நுழையவில்லை.